புதிதாக ஆய்வகத்தில் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: கொங்கு வட்டார அறிவியல் பட்டதாரிகளுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் எம்.எஸ்சி. முடித்து, ஆய்வகத்தில் முதல் நான்கைந்து ஆண்டுகளில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பல பதில்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: நீங்கள் கொடுக்கும் எண்ணை அடுத்தவர் எதை வைத்து நம்புவார்?

எம்.எஸ்சி. முடிச்சாச்சுங்க. பி.எச்டி.க்குப் போறதுங்களா, டெஸ்டிங் லேபுக்குப் போறதுங்களா?

இரண்டுக்கும் இந்தப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. ஆராய்ச்சி என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1912 முதல் இயங்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம், ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்கள். ஜவுளிக்கு சிட்ரா எனும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். சோதனைக்கூடம் என்றால் திருப்பூரில் துணி, சாயம், கழிவுநீர். நாமக்கல்லில் முட்டை, தீவனம். ஈரோட்டில் மஞ்சள், மசாலா.

எந்தக் கேள்விக்காவது விடை தெரிந்தே ஆக வேண்டும் என்ற அரிப்பு இருந்தால் பி.எச்டி. அப்படி எதுவும் இல்லாமல், "அடுத்து என்ன" என்பதற்காக மட்டும் சேர வேண்டாம். என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் பி.எச்டி.க்குப் போவது காலத்தை வீணடிப்பது என்று பலர் சொல்வார்கள். எங்கள் கருத்து வேறு. சோதனைக்கூடத் தரத்துக்கான ஐஎஸ்ஓ 17025 முறைப்படி நடக்கும் கூடத்தில் கருவி அளவுத்திருத்தம், முறை சரிபார்ப்பு, அளவீட்டு நிச்சயமின்மை மூன்றும் தினசரி வேலை. பல்கலைக்கழக ஆய்வகங்கள் பலவற்றில் இவற்றை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆனால் வயது வரம்பை மறக்கக் கூடாது. அது அடுத்த கேள்வியில்.

நெட் எழுதியே ஆகோணுங்களா?

சம்பளத்துக்கும் சுதந்திரத்துக்கும் எழுதுவது நல்லது. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் உதவித்தொகை உங்கள் பெயரில் வரும். கைடைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இருக்கும். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய், சீனியர் நிலையில் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஜேஆர்எஃப்புக்குப் பொது வயது வரம்பு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. 2024 முதல் மூன்று தகுதிப் பிரிவுகள் உள்ளன: ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி, பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டுமான தகுதி. ஜேஆர்எஃப் வராவிட்டாலும் மூன்றாவது பிரிவு கதவைத் திறக்கும். இன்னொரு நுழைவு கேட் தேர்வு; அதன் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

புராஜெக்ட் வேலைக்கு வாக்-இன் நேர்காணலுக்குப் போகும்போது மூன்றைக் கேட்டுவிடுங்கள்: புராஜெக்ட் முடிய எத்தனை மாதம் இருக்கிறது, அந்த வேலையை வைத்து பி.எச்டி. பதிவு செய்யலாமா, சம்பளம் மாதாமாதம் வருகிறதா. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

லேபுக்குப் போன முதல் மாசம் என்ன பண்றதுங்க? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க.

உங்களுக்குக் கொடுத்த பிப்பெட்டை (சிறு அளவுத் திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) சோதியுங்கள். ஒரு மதியம் போதும்.

0.1 மில்லிகிராம் வரை காட்டும் பேலன்ஸ், மூடியுள்ள சிறு குப்பி, சில மணி நேரம் அறையிலேயே வைத்திருந்த காய்ச்சி வடித்த நீர் வேண்டும். நீரின் வெப்பநிலையைக் குறியுங்கள். 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டை முழு அளவில் வைத்து, டிப்பை முதலில் இரண்டு மூன்று முறை நனைத்துவிட்டு, பத்து முறை எடுத்துப் பத்து எடைகளை எழுதுங்கள். சராசரி மில்லிகிராமை 25 டிகிரியில் 1.004 ஆலும், 30 டிகிரியில் 1.005 ஆலும் பெருக்கினால் மைக்ரோலிட்டர் வரும். ஐஎஸ்ஓ 8655 தரப்படி சராசரி 992-க்கும் 1008-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பத்து ரீடிங்குகளின் திட்ட விலக்கம் (சிதறலின் அளவு) 3-ஐத் தாண்டக் கூடாது.

சராசரி சரியாக இருந்து சிதறல் அதிகம் என்றால் பெரும்பாலும் கைதான் காரணம்: உறிஞ்சும்போது பொத்தானை இரண்டாம் நிறுத்தம் வரை அமுக்குவது, பிப்பெட்டைச் சாய்ப்பது, பொத்தானைப் பட்டென்று விடுவது. சிதறல் குறைவு, ஆனால் சராசரி ஒரே பக்கம் தள்ளி நிற்கிறது என்றால் முதலில் டிப் பொருத்தத்தையும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். டிப்பின் நுனியில் நீர் தானாகச் சொட்டினால் காற்று கசிகிறது என்று பொருள்.

அதே 8 மைக்ரோலிட்டர் பிழை 1000-இல் 0.8 சதவீதம், 100-இல் 8 சதவீதம். பெரிய பிப்பெட்டில் சின்ன அளவு எடுக்காதே என்று சீனியர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். எத்தனால் எடுக்கும்போது டிப்பை முன்பே நனைக்காவிட்டால் வழியிலேயே சொட்டும். கிளிசரால் போன்ற கெட்டித் திரவத்துக்குத் தலைகீழ் முறை: இரண்டாம் நிறுத்தம் வரை அமுக்கி உறிஞ்சி, முதல் நிறுத்தம் வரை மட்டும் விடுங்கள். மிச்சம் டிப்பிலேயே இருக்கட்டும்.

இதை முடித்து ஒரு தாளில் தேதியுடன் எழுதி பிப்பெட் ஸ்டாண்டில் ஒட்டினால், அந்த ஆய்வகத்தில் உங்கள் மீதான பார்வை மாறும்.

போன மாசம் நல்லா வந்த சோதனை இந்த மாசம் வரலீங்க. நான் ஒண்ணும் மாத்தலையே?

நீங்கள் மாற்றாததையும் வெயில் மாற்றியிருக்கும். பிஎச்சை நிலையாக வைக்கப் பயன்படும் ட்ரிஸ் பஃபரின் பிஎச், வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.028 இறங்கும். 25 டிகிரியில் 8.0 என்று வைத்தது, ஏசி இல்லாத அறையில் சித்திரை மதியம் 34 டிகிரியில் 7.75 பக்கம் இருக்கும்; 4 டிகிரி குளிர் அறையில் 8.6 ஆகும். எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த வெப்பநிலையில் பிஎச் வையுங்கள். பாட்டிலில் பிஎச்சுக்குப் பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதுங்கள்.

அடுத்தது தண்ணீர். சிறுவாணி நீர் மென்மையானது. அது நின்று போர் தண்ணீர் வரும் வாரங்களில் வடிகலனில் உப்பு படியும், அயனி நீக்கியின் ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். வடித்த நீரின் கடத்துத்திறனை வாரம் ஒருமுறை அளந்து குறித்தால் இதை முன்கூட்டியே பிடிக்கலாம். பிஎச் மீட்டரின் மின்முனையை வடித்த நீரில் ஊற வைப்பது பரவலான தவறு. உள்ளே இருக்கும் உப்பு வெளியேறி, ரீடிங் நிலைக்க நேரம் எடுக்கும். அதை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள்.

இவை இரண்டும் சரி என்றால், புதிதாகத் திறந்த பாட்டில் எது என்று பாருங்கள். லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதியின் எண்) எழுதி வைத்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஒரே நேரத்தில் நான்கு விஷயங்களை மாற்றிப் பார்க்காதீர்கள். சோதனை சரியாகிவிட்டாலும் எது சரி செய்தது என்று தெரியாது.

பிசிஆரில் பேண்டே வரலீங்க.

பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் சோதனை; பெருகியது ஜெல்லில் பேண்டாகத் தெரியும். கட்டாயம் பேண்டு வர வேண்டிய பாசிட்டிவ் கன்ட்ரோலில் வந்ததா? அங்கும் வரவில்லை என்றால் கலவையிலோ கருவியிலோ கோளாறு. அங்கு வந்து உங்கள் சாம்பிளில் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்ஏவைச் சந்தேகியுங்கள். மஞ்சள், கரும்பு, வாழை போன்றவற்றில் சர்க்கரைச் சேர்மங்களும் பாலிபீனால்களும் டிஎன்ஏவுடன் கூடவே வந்து நொதியைத் தடுக்கும். ஒளி உறிஞ்சலில் புரதக் கலப்பைக் காட்டும் 260/280 விகிதம் 1.8 என்று அழகாக இருந்தாலும், இந்தச் சேர்மங்களின் கலப்பைக் காட்டும் 260/230 தாழ்ந்திருக்கலாம். இன்னும் அதிக டிஎன்ஏ போடத் தோன்றும், நேர்மாறாகச் செய்யுங்கள். பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்துப் போட்டால் தடுப்பானும் நீர்த்துப்போய்ப் பலமுறை பேண்டு வந்துவிடும். டிஎன்ஏ போடாத குழாயிலும் பேண்டு வந்தால் அன்றைய முடிவு முழுவதையும் ஒதுக்குங்கள். மின்வெட்டு உள்ள இடத்தில் கருவி யுபிஎஸ்ஸில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சாயக் கழிவுநீரில் சிஓடி தாறுமாறா வருதுங்க. ஏன்?

சிஓடி என்பது நீரில் உள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு. திருப்பூர்ப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் ஒருநாள் கேட்டே தீருகிற கேள்வி இது. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்றம் என்பது அங்கே தொழிலின் உயிர்மூச்சு. நீங்கள் கொடுக்கும் ஒரு எண்ணுக்குப் பின்னால் ஒரு ஆலையின் ஓட்டமும், ஆற்றோரத்துக் கிணற்றின் நிலைமையும் இருக்கிறது.

ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு சேர்க்கிறார்கள். அது சாதாரண உப்பாக இருந்தால் கழிவுநீரில் குளோரைடு மிக அதிகம். சிஓடி சோதனையில் டைகுரோமேட், கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றுவதோடு குளோரைடையும் ஆக்சிஜனேற்றும். ஒரு மில்லிகிராம் குளோரைடு 0.226 மில்லிகிராம் போலி சிஓடியைக் கூட்டும். லிட்டருக்கு 5000 மில்லிகிராம் குளோரைடு இருந்தால் போலிக் கணக்கே 1100-ஐத் தாண்டலாம்.

இதற்காகத்தான் குளோரைடைக் கட்டிப்போடும் மெர்க்குரிக் சல்ஃபேட்: எடையில் குளோரைடைப் போல் பத்து மடங்கு. 20 மில்லி சாம்பிளுக்கு வழக்கமாகப் போடும் 0.4 கிராம், லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடு வரைதான் தாங்கும். எனவே முதலில் குளோரைடை டைட்ரேட் செய்யுங்கள். 2000-ஐத் தாண்டினால் சாம்பிளை நீர்க்கச் செய்யுங்கள். வரிசை இப்படி: சாம்பிள், மெர்க்குரிக் சல்ஃபேட், கலக்கல், அதன் பிறகே வெள்ளி சல்ஃபேட் கலந்த அமிலம். வெள்ளி முன்னால் போனால் வெள்ளி குளோரைடாகப் படிந்து, வினையூக்கியும் வீணாகும். சாம்பிளுக்குப் பதில் வடித்த நீர் போட்ட பிளாங்குக்கும் சாம்பிளைப் போலவே இரண்டு மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து திரும்பி விழும்படி கொதிக்க வைப்பது) வேண்டும்.

முறை சரியா என்று பார்க்க, 425 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் அதன் சிஓடி லிட்டருக்கு 500 மில்லிகிராம். இந்த ஸ்டாண்டர்டு 500-ஐ ஒட்டி வராத நாளில் எந்த சாம்பிளுக்கும் ரிப்போர்ட் கொடுக்க வேண்டாம். கழிவில் பாதரசம் இருக்கிறது. சிங்க்கில் ஊற்றவே கூடாது, தனிக் கேனில் சேருங்கள்.

எத்தனை தடவை செஞ்சா போதுமுங்க? மூணு போதுங்களா?

எதை மூன்று தடவை என்பதில்தான் சிக்கல். ஈரோடு மஞ்சளில் நிறம் தரும் பொருளான குர்குமின் அளவைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மூட்டையில் எடுத்த பொடியை ஒருமுறை சாறெடுத்து, 425 நானோமீட்டரில் ஐந்து முறை ரீடிங் எடுத்தால் ஐந்து என்று சொல்ல முடியாது, அது ஒன்றுதான். உங்கள் கருவி எவ்வளவு ஆடுகிறது என்பதை மட்டும் அது காட்டும். ஐந்து விவசாயிகளின் ஐந்து வயல்களில் தனித்தனியாக எடுத்தால்தான் ஐந்து. அதிலும் ஒரு வயலில் விரலி, இன்னொன்றில் கிழங்கு என்று கலந்து எடுத்தால் வயல் வேறுபாடும் விரலி-கிழங்கு வேறுபாடும் பின்னிக்கொள்ளும். பிறகு எந்தக் கணக்கும் அதைப் பிரிக்காது.

புள்ளியியல் தெரிந்தவரிடம் சோதனை முடிந்த பிறகு போகாமல், தொடங்கும் முன் போங்கள். வேளாண் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே துறை உண்டு. உங்களுடைய இடத்தில் இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லூரிப் புள்ளியியல் ஆசிரியரிடம் ஒரு பக்கத் திட்டத்துடன் போய்ப் பேசுங்கள்.

வரைபடத்தில் போடும் பிழைக்கோடு திட்ட விலக்கமா, சராசரியின் திட்டப் பிழையா (திட்ட விலக்கத்தைச் சாம்பிள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது) என்று எழுதுங்கள். ஐந்து சாம்பிளில் திட்ட விலக்கம் 0.8 என்றால் திட்டப் பிழை 0.36. கோடு குட்டையாகத் தெரிவதற்காக இரண்டாவதைப் போடுவது வாசகரை ஏமாற்றுவது.

குர்குமின் பற்றி இன்னொன்று: வெளிச்சத்திலும் காரத்தன்மையிலும் அது சிதையும். பழுப்பு நிறக் குடுவையில் வையுங்கள், அல்லது அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். காலையில் சாறெடுத்து மாலையில் ரீடிங் எடுத்துவிட்டு, ஈரோட்டு மஞ்சளில் குர்குமின் குறைவு என்று எழுதினால் அது அந்த மஞ்சளுக்குச் செய்யும் அநியாயம்.

லேப் நோட்டு எப்படி எழுதோணும்?

அழியாத மையில், பக்க எண் போட்ட கெட்டி அட்டை நோட்டில், அன்றைக்கே. துண்டுச் சீட்டில் குறித்து இரவு "ஃபேர்" பண்ணும் பழக்கம் பள்ளியில் பாராட்டுப் பெறும். ஆய்வகத்தில் அது ஆபத்து, ஏனெனில் நகலெடுக்கும்போது எண் மாறும், அசல் குப்பைக்குப் போகும். தவறு வந்தால் ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் போடுங்கள். வெள்ளை மை பூசக் கூடாது. தேதி, நோக்கம் ஒரு வரி, வேதிப்பொருளின் நிறுவனம், லாட் எண், உண்மையில் எடுத்த எடை, கருவி எண், கோப்பு சேமித்த இடம், கண்ணால் கண்டது. "2 கிராம் எடுத்தேன்" என்று எழுதாமல் பேலன்ஸ் காட்டிய 2.0137 என்பதை எழுதுங்கள்.

கரும்பு ரகங்களின் பெயரில் வரும் "கோ" கோயம்புத்தூரைக் குறிக்கும். கோ 205 என்றால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தாய் தந்தைச் செடி வரை போக முடியும். உங்கள் குழாயில் எழுதும் எண்ணும் அப்படி இருக்க வேண்டும். "சாம்பிள் 1", "புதுசு" என்ற பெயர்கள் மூன்று மாதத்தில் உங்களுக்கே புரியாது.

கணினிக் கோப்புக்குப் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கட்டும், தானாக வரிசைப்படும். கருவி கொடுத்த மூலக் கோப்பைத் தொடாமல் பிரதியில் வேலை செய்யுங்கள். எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிக் கெடுத்த தொல்லை தாங்காமல், 2020-இல் மனித மரபணுப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது. ஒட்டும் முன் அந்தக் கட்டங்களை "உரை" என்று அமைத்துவிடுங்கள்.

பேப்பர் சீக்கிரம் போடோணும்னு அவசரப்படுத்தறாங்க. காசு கட்டினா ஒரு வாரத்துல வருமாமே?

வேண்டாம். 2022 யுஜிசி விதிகளில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நீக்கப்பட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். அதை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். ஏற்கத்தக்க இதழ்களின் யுஜிசி கேர் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டது. இனி இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும்தான்.

சோதிக்கும் வழி: உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் அந்த இதழ் வருகிறதா? ஆசிரியர் குழுவில் இருப்பவரின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்தப் பொறுப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா? அச்சு அசலாக நல்ல இதழின் பெயரைத் திருடிய போலித் தளங்களும் உண்டு. இதழின் அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண்ணையும் இணைய முகவரியையும் ஒப்பிடுங்கள். ஒரு வாரத்தில் ஏற்பு, வாட்ஸ்அப்பில் பேரம், எல்லாத் துறையும் ஒரே இதழில் என்றால் விலகிவிடுங்கள். சந்தா முறையில் வரும் பல நல்ல இதழ்கள் ஆசிரியரிடம் காசு வாங்குவதில்லை.

படிப்பதற்கு: 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" வழியாக அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு 13,000 அளவில் இதழ்கள் திறந்திருக்கின்றன. உங்கள் நூலகரிடம் பதிவு எப்படி என்று கேளுங்கள்.

நான்தானுங்க வேலை பூராம் செஞ்சேன். பேப்பர்ல என் பேரு கடைசியில இருக்குது.

வருத்தம் நியாயமானது. ஆனால் கட்டுரை முடிந்த பிறகு பேசினால் அது சண்டையாகும். தொடங்கும்போது பேசினால் அது திட்டம். "சார், இந்தப் பகுதி வேலையை நான் முழுக்க எடுத்துச் செய்கிறேன். கட்டுரையாக வந்தால் பெயர் வரிசை எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாமா, சார்?" என்று கேட்டு, பேசியதை அன்று மாலையே மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு ஆசிரியராகச் சேர நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் வேண்டும். கருவியை மட்டும் கொடுத்தவருக்கு நன்றி போதும். பல இதழ்கள் 14 வகைப் பங்களிப்புகளில் யார் எதைச் செய்தார் என்று கேட்கின்றன. அந்தப் பட்டியலை முன்கூட்டியே நிரப்பி கைடிடம் காட்டுவது, பேரைப் பற்றி நேராகப் பேசுவதைவிட எளிது. ஆய்வாளரின் அடையாளமான 16 இலக்க ஆர்கிட் எண்ணை இன்றே இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் மீடியமுங்க. இங்கிலீஷ் பேப்பர் படிச்சா மண்டையில ஏறல.

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டாம். முதலில் படங்களும் அட்டவணைகளும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: எதை அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எவ்வளவு வேறுபாடு. அடுத்து செய்முறைப் பகுதி. உங்கள் ஆய்வகத்தில் இதைச் செய்ய என்ன இல்லை என்று பாருங்கள். முன்னுரையைக் கடைசியில் படித்தாலும் குற்றமில்லை. தமிழில் யோசிப்பதால் அறிவியல் குறையாது. வாரம் இரண்டு கட்டுரை, ஓர் ஆண்டில் நூறு. அதற்குள் உங்கள் துறையின் ஆங்கிலம் முந்நூறு நானூறு சொற்களில் அடங்கிவிடும்.

பயோடேட்டாவில என்ன எழுதறதுங்க? நேர்காணல்ல என்ன கேப்பாங்க?

"ஹெச்பிஎல்சி தெரியும்" என்று கருவியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். "மஞ்சளில் மூன்று குர்குமினாய்டுகளைப் பிரித்து, ஐந்து செறிவுகளில் ஸ்டாண்டர்டு வளைகோடு போட்டு, 60 சாம்பிள் பார்த்தேன்" என்று எழுதுங்கள். தானே ஓட்டினேன், பக்கத்தில் நின்று பார்த்தேன் என்ற இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். பார்த்ததை ஓட்டியதாக எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சோதனைக்கூட நேர்காணலில் கண்டறியும் எல்லை (ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு) எப்படிக் கணக்கிடுவீர்கள் என்பார்கள்: பிளாங்கின் திட்ட விலக்கத்தை 3.3 ஆல் பெருக்கி வளைகோட்டின் சாய்வால் வகுக்க வேண்டும். அளவிடும் எல்லைக்கு 10 ஆல். ஒரே சாம்பிளைப் பல கூடங்கள் பார்க்கும் திறன் ஒப்பீட்டுச் சோதனையில் இசட் மதிப்பு 2-க்குள் திருப்தி, 3 வந்தால் தவறு. துணிச் சோதனை என்றால் ஐரோப்பாவில் தடைசெய்யப்பட்ட, அசோ சாயம் உடைந்து வரும் அமீன்களின் வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்பதும், 4-அமினோஅசோபென்சீன் வழக்கமான முறையில் அனிலீனாக உடைந்துபோவதால் அதற்குத் தனி முறை உண்டு என்பதும் தெரிந்திருந்தால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஊட்ல கல்யாணம் பேசறாங்க. பி.எச்டி. நடுவுல நிக்குமோன்னு பயமா இருக்குதுங்க அக்கா.

நிற்க வேண்டியதில்லை, கண்ணு. 2022 யுஜிசி விதிப்படி பெண் ஆய்வாளர்களுக்கு பி.எச்டி. காலம் முழுவதிலும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தரலாம்; முடிக்கும் காலத்தில் இரண்டு ஆண்டு கூடுதல் தளர்வும் உண்டு. இந்தப் பக்கத்தை அச்செடுத்து இரு வீட்டாரிடமும் காட்டுங்கள். கருவுற்றிருப்பது தெரிந்தவுடன் எத்திடியம் புரோமைடு, பாதரசம், கரைப்பான் ஆவி உள்ள வேலைகளை மாற்றித் தரச் சொல்லி கைடிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

லேபை விட்டுப் போறப்ப என்ன ஒப்படைக்கோணும்?

அசல் நோட்டு ஆய்வகத்துக்கு. அனுமதி பெற்று நகல் உங்களுக்கு. பிரீசரில் எந்தத் தட்டு, எந்தப் பெட்டி, எந்தக் குழியில் எது என்ற பட்டியல். பிசிஆரில் பயன்படுத்திய பிரைமர் வரிசைகள். மூலத் தரவு இருக்கும் கோப்புறையும் கடவுச்சொல்லும். பாதியில் நிற்கும் சோதனை எதுவரை வந்திருக்கிறது என்று ஒரு பக்கம். கழிவுக் கேன்களில் உள்ளே என்ன, எப்போது நிரப்பியது என்ற சீட்டு. உங்கள் பெயரை மட்டும் எழுதி, உள்ளே என்னவென்று எழுதாத குழாய் ஒன்றுகூட அந்த பிரீசரில் மிச்சம் இருக்கக் கூடாது.